ஒன்பது மாதம் ஸ்டுட்கார்ட்டில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "வெளிநாட்டு அனுபவம் பற்றி இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். இந்தச் சபையில் இருபது வருஷமாக வெளிநாட்டிலேயே வீடு வாங்கிக் குடியிருக்கிற அண்ணன்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. 2011-ல் மெக்கானிக்கலில் வெளியே வந்தேன். 2023 செப்டம்பரிலிருந்து 2024 மே கடைசி வரை ஒன்பது மாதம், கம்பெனி வேலையாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் இருந்தேன். பெட்டியைப் பிரித்து, மறுபடி கட்டிக்கொண்டு வந்தவன், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்குப் படித்து வெளியே போகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வாய்க்கிறது இந்த மாதிரிப் பிரயாணம்தான். ஆறு மாதம், ஒன்பது மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம். குடியேற்றம் என்றும் சொல்ல முடியாது, சுற்றுலா என்றும் சொல்ல முடியாது. அந்த இரண்டுங்கெட்டான் நிலைமையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வேலையைப் பற்றிப் பேசப்போவதில்லை. டெஸ்ட் பெஞ்ச் ஒன்றை நிறுவி, அது சொல்கிற அளவுகளை எல்லோரும் நம்பும்படி செய்துவிட்டு வருவது என் வேலை. அதைக் கேட்க இந்த ஹாலில் எங்கள் ஹெச்.ஓ.டி. சார் ஒருவருக்குத்தான் பொறுமை இருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால், ஏற்கெனவே போய்வந்தவர்கள் எனக்குச் சொன்ன புத்திமதி எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. "செலவு பண்ணாதே, தினப்படியை மிச்சம் பிடி. ஒன்பது மாதம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்." இதை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் வீட்டுக் கடன் இருந்தது. நம்மில் பலர் வீட்டில் அக்கா கல்யாணக் கடன், தம்பி படிப்புச் செலவு எல்லாம் உண்டு. தினப்படி என்பது சில வீடுகளில் ஒரு கூரை. ஆனால் அந்தக் "கண்ணை மூடித் திறப்பதற்குள்" என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. அவளையும் அவள் அம்மாவையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், பேச ஆரம்பிக்கவில்லை. அந்த ஒன்பது மாதத்தை நான் எதைக் கொடுத்து வாங்குகிறேன் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வருவதற்கு அது ரொம்ப அதிக விலை. என் மனைவிதான் ஏர்போர்ட்டில் சொன்னாள்: "மிச்சம் பிடிக்கிறதைப் பிடிங்க. ஆனா திரும்பி வந்து ஜெர்மனி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, ஆபீஸ் மாதிரி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் மாதிரியான ஊர். நடுவில் நகரம், சுற்றிலும் மேடு, மேட்டின் சரிவில் திராட்சைத் தோட்டம். ரயில் நிலையத்திலிருந்து பார்த்தாலே கொடிகள் தெரியும். மேட்டில் ஏற நானூறுக்கும் அதிகமான படிக்கட்டு வழிகள். என் பிளாட் அப்படி ஒரு படிக்கட்டின் உச்சியில். பால் பாக்கெட் மறந்துவிட்டால் மறந்ததுதான்.

போன இரண்டு வாரத்துக்குள் ஒரு காரியம் செய்ய வேண்டும். நகர அலுவலகத்துக்குப் போய், "நான் இன்ன தெருவில் இன்ன வீட்டில் குடியிருக்கிறேன்" என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆன்மெல்டுங் என்று பெயர். ஜெர்மன்காரர்களே வீடு மாறினால் இதைச் செய்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து போகிறவர் மூன்று மாதத்துக்குள் திரும்புவதாக இருந்தால் தேவையில்லை. பாஸ்போர்ட்டோடு, வீட்டுக்காரர் "ஆமாம், இவர் என் வீட்டில்தான் இருக்கிறார்" என்று கையெழுத்துப் போட்ட ஒரு தாளும் வேண்டும். இந்தத் தாளை வாங்காமல் போய் வரிசையில் நின்று திரும்பி வருகிற நம் ஆட்கள் அநேகம். கம்பெனி வீடு பிடித்துக் கொடுத்தால்கூட, பதிவுக்கு அந்த முகவரி ஆகுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும், மற்ற காரியங்கள் நகரும்.

எனக்கு அந்த அலுவலகத்தில் ஆன நேரம் பத்து நிமிஷம். அந்த அம்மாள் கம்ப்யூட்டரில் தட்டி, ஒரு தாளை அச்சடித்து, முத்திரை குத்தி நீட்டினார். என் பெயர், கீழே ஸ்டுட்கார்ட் முகவரி. ஒன்பது மாதத்துக்கென்றாலும் நான் அந்த ஊர்க்காரன் என்று அந்த ஊர் எழுதிக்கொண்டுவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. ஊர் எழுதிக்கொண்ட பிறகு நாம் மட்டும் விருந்தாளி மாதிரி பெட்டிக்குள்ளிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பது சரியில்லை. அன்று சாயங்காலமே பெட்டியைக் காலி செய்து பரண்மேல் போட்டேன்.

ஊர் எழுதிக்கொண்டதற்கு அடுத்த சாட்சி ஒரே மாதத்தில் வந்தது. ரேடியோ, டி.வி. கட்டணம் கேட்டுக் கடிதம். "என்னிடம் டி.வி.யே இல்லையே" என்றால் எடுபடாது. டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம், மாதம் 18 யூரோ சொச்சம். ஒரே பிளாட்டில் மூன்று பேர் இருந்தால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று கட்டினால் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கடிதத்தைக் குப்பையில் போட்டவர்களுக்கு அடுத்தடுத்த கடிதங்கள் தடிமனாக வரும்.

குப்பை என்றதும் வீட்டுக்கார அம்மாள் ஞாபகம் வருகிறார். எழுபது வயது இருக்கும், கீழ் வீட்டிலேயே இருந்தார். முதல் நாள் சாவியைக் கொடுக்கும்போது இங்கிலீஷும் சைகையுமாக அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த விசில் அடிக்கிற பாத்திரம் கொண்டுவந்திருக்கிறீர்களா?" எனக்கு முன்னால் நம் நாட்டுக்காரர் யாரோ அங்கே இருந்திருக்கிறார், பாவம். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை அந்த நாட்டில் அமைதி நேரம். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அப்படியே. அன்றைக்குச் சுவரில் டிரில் போடக்கூடாது, கண்ணாடி பாட்டிலைத் தெருமுனைப் பெட்டியில் போடக்கூடாது, உடைகிற சத்தம் வரும் என்று. இதில் ராத்திரி பத்தரைக்குச் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்தால் என்ன ஆகும்?

கேர்வோகெ என்று அந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு வழக்கம் உண்டு. பெருக்கும் வாரம் என்று அர்த்தம். முறை வைத்து, வாரம் ஒரு குடித்தனம் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். வெளி நடைபாதையும் சேர்த்தி. உங்கள் முறை வந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்ன அட்டை தொங்கும். முடித்துவிட்டு அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். என் முறை முதலில் வந்தபோது படியைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. "அம்மா, தூசியே இல்லையே, எதைப் பெருக்குவது?" என்றேன். "தூசி வந்த பிறகு பெருக்குவது வேறு, இது கேர்வோகெ" என்றார். அரை மணி நேரம் தூசியில்லாத படியைப் பெருக்கினேன். சிரிக்காதீர்கள், தம்பி. அந்தப் படியில் துடைப்பத்தோடு நின்ற அரை மணி நேரத்தில்தான் மூன்று மாடிக் குடித்தனக்காரர்களும் எனக்கு அறிமுகமானார்கள். மூன்று வாரமாக வாய் திறக்காதவர்கள், கையில் துடைப்பத்தைப் பார்த்ததும் நின்று பேசினார்கள். இரண்டாம் மாடித் தாத்தா ரிட்டயர்டு டூல் மேக்கர். அவர் கொடுத்த பழைய கம்பளிக் கோட்டில்தான் என் பனிக்காலம் போயிற்று.

அந்த ஊரில் வணக்கம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. லிஃப்டில் ஏறினால் சொல்ல வேண்டும். டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் நுழைந்தால், முன்பின் தெரியாத பத்துப் பேருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும். க்ரூஸ் காட் என்பார்கள். கடவுளைக் கொண்டு சொல்கிற வணக்கம். சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டு, "இவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்கள்" என்று குறைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நூறு ஜெர்மன் வார்த்தை போதும். எண்கள், வணக்கம், நன்றி, மன்னிக்கவும், இறைச்சி இல்லாமல், எனக்கு உடம்பு சரியில்லை.

கடைசி வார்த்தையைச் சும்மா சேர்க்கவில்லை. ஒரு கம்பெனியிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர், ஊரின் வேறொரு பகுதியில் நான்கு பேரோடு தங்கியிருந்தார். கெட்டிக்காரப் பையன். தினப்படியை ஒரு பைசா விடாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். காலையில் ரொட்டி, ராத்திரி நூடுல்ஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோறு. டிசம்பரில் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, நான்கு நாள் போர்வைக்குள்ளேயே கிடந்திருக்கிறார். டாக்டரிடம் போனால் ஆயிரக்கணக்கில் ஆகும் என்று பயம். அவர் சட்டைப் பையிலேயே கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்ஷூரன்ஸ் அட்டை இருந்தது. அவருடைய மேலதிகாரி போனில், "லீவு போட்டால் இங்கே சமாளிக்க முடியாதே" என்று மட்டும் சொன்னாராம். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு நர்ஸம்மா இருமல் சத்தம் தாங்காமல் கதவைத் தட்டியதால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். நிமோனியா. பிழைத்துக்கொண்டார், இன்றைக்கு நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என்னிடம் சொன்னது, "அண்ணா, நாலு மாசம்தானே, எப்படியாவது ஓட்டிடலாம்னு நெனச்சேன்." தம்பி தங்கைகளே, எழுதிக்கொள்ளுங்கள்: ஆம்புலன்ஸுக்கு 112, போலீஸுக்கு 110, உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு, டாக்டர் கிளினிக் மூடியிருக்கிற நேரத்தில் 116117. இன்ஷூரன்ஸ் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று விமானத்தில் உட்கார்ந்தாவது படித்துவிடுங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கிறது. மௌல்டாஷன் என்று கொழுக்கட்டைத் தோற்றத்தில் ஒரு பண்டம் தருவார்கள். சைவர்கள் ஏமாற வேண்டாம், வழக்கமாக உள்ளே இறைச்சி இருக்கும். நோன்புக் காலத்தில் கடவுள் கண்ணில் படாமல் இறைச்சி தின்பதற்காக மாவுக்குள் ஒளித்து வைத்தார்கள் என்று அவர்களே கதை சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் பருப்பு தின்கிற ஜெர்மன்காரர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் மைசூர்ப் பருப்பு ஜாதிப் பயறை வேகவைத்து, ஷ்பெட்ஸ்லெ என்கிற மாவு நூலோடு சாப்பிடுகிறார்கள். கூடவே வைக்கிற சாசேஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நமக்கு அமிர்தம். அந்த மலைப்பகுதியின் சொந்தப் பயறு ரகங்கள் 1960-களில் வழக்கொழிந்து விதைகூட இல்லாமல் போய்விட்டன. பிறகு 2006-ல், ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வவிலோவ் ஆராய்ச்சி நிலையத்தின் விதைச் சேமிப்பில் அதே ரகங்கள் இருப்பதைக் கண்டுபிடித்து வாங்கி வந்து மறுபடி பயிரிட்டார்கள். ஒரு தட்டுப் பருப்புக்குப் பின்னால் இவ்வளவு கதை.

இனி ஊர் சுற்றியது. மாதச் செலவுக் கணக்கில் ஒரு தொகையை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிட்டேன், 120 யூரோ. மீதியெல்லாம் வீட்டுக்கு. இந்த 120-ஐ மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி. அதில் பெரிய உதவி ஜெர்மனி டிக்கெட். 2023 மே மாதம் தொடங்கிய திட்டம். நான் இருந்தபோது மாதம் 49 யூரோ, 2025-ல் 58 ஆனது, 2026-ல் 63. அந்த ஒரு டிக்கெட்டில் நாடு முழுவதும் டவுன் பஸ், டிராம், சாதாரண ரயில் எல்லாவற்றிலும் போகலாம். அதிவேக ரயிலில் மட்டும் ஏறக்கூடாது. மாதா மாதம் தானாகவே நீடிக்கும் சந்தா, நிறுத்துவதென்றால் அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் இரண்டு மாதம் பணம் பிடித்தார்கள் என்று அழுகிறவர்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை கிடையாது. பேக்கரி சில மணி நேரம், ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். மற்றபடி ஊரே கதவைச் சாத்தியிருக்கும். நம் ஆட்கள் பலர் அன்று படுத்துத் தூங்கி, வீட்டுக்கு மூன்று மணி நேரம் வீடியோ பேசி, சாயங்காலம் மனம் வெதும்பிப் போவார்கள். நவம்பரில் இது தாங்காது. டிசம்பரில் சூரியன் எட்டு மணிக்கு மேல் எழுந்து நாலரைக்குப் போய்விடும், அதுவும் மேகத்துக்குப் பின்னால். நான் சனிக்கிழமை சமைத்து, ஞாயிறு காலை புளிச்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வீட்டோடு பேசுவது மட்டும் மாறாது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், அப்போது நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. மகள் தூங்கும் முன் பிடிக்க வேண்டுமே, அதனால் எந்த ஊரில் இருந்தாலும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெஞ்ச் தேடி உட்கார்ந்துவிடுவேன். அவள் முதன்முதலில் "அப்பா" என்றது போனைப் பார்த்துத்தான். அப்போது நான் உல்ம் நகரத்துச் சர்ச் வாசலில் இருந்தேன்.

அந்தச் சர்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். உல்ம் மாதா கோயில் கோபுரம் 161.5 மீட்டர். நம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1890-லிருந்து உலகத்திலேயே உயரமான சர்ச் கோபுரம் அதுதான். 2025 அக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா அதைத் தாண்டிவிட்டது. உயரத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் கட்டுமான வரலாறு. 1377-ல் அடிக்கல், 1543-ல் வேலை நின்றுபோயிற்று, முன்னூறு வருஷம் மொட்டையாக நின்று, 1890-ல் முடித்தார்கள். ஸ்ரீரங்கத்திலும் அப்படித்தானே, பல நூற்றாண்டு மொட்டையாக நின்ற கோபுரம் 1987-ல் அல்லவா முடிந்தது. உச்சிவரை 768 படி. மேலே போகப்போக சுருள்படி ஒரு ஆள் அகலம்தான். இறங்குகிறவரோடு மோதாமல் ஏறுவதே ஒரு வித்தை. ஐன்ஸ்டீன் பிறந்ததும் இந்த ஊரில்தான், 1879-ல்.

சிவில் தம்பிகளுக்காக ஒன்று. ஸ்டுட்கார்ட் மேட்டில் 1956-ல் திறந்த டி.வி. கோபுரம், 217 மீட்டர். கான்கிரீட்டில் கட்டிய உலகின் முதல் டி.வி. கோபுரம் அது. முதலில் இரும்புச் சட்டத்தில் ஒரு ஆன்டெனாக் கம்பம் நட்டுவிடலாம் என்றுதான் இருந்தார்கள். ஃபிரிட்ஸ் லியோன்ஹார்ட் என்ற இன்ஜினீயர், "கான்கிரீட்டில் கட்டி, மேலே ஜனங்கள் ஏறிப் பார்க்க ஒரு தளமும் ஓட்டலும் வைப்போம்" என்று வாதாடி ஜெயித்தார். கட்டிய செலவு நுழைவுக் கட்டணத்திலேயே ஐந்து வருஷத்தில் வந்துவிட்டது. தீயணைப்புப் பாதுகாப்புப் போதாது என்று 2013-ல் மூடி, வசதி செய்து 2016-ல் மறுபடி திறந்தார்கள். லியோன்ஹார்ட்டின் ஆபீஸில் வேலை செய்து வளர்ந்தவர் யோர்க் ஷ்லைஹ். கொல்கத்தாவில் 1992-ல் திறந்த வித்யாசாகர் சேது, நடுவில் 457 மீட்டர் தூணில்லாமல் கம்பி வடங்களில் நிற்கிறதே, அதன் வடிவமைப்பில் முக்கியமானவர். அவர் வடிவமைத்த இன்னொரு கோபுரம், நாற்பது மீட்டர், கில்லஸ்பெர்க் பூங்காவில் 2001-லிருந்து நிற்கிறது. வடங்களில் கட்டியது. ஏறினால் லேசாக ஆடும். ஆடுகிற கோபுரத்தின் மேல் நின்று புளிச்சாதம் சாப்பிட்ட ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே வைசன்ஹோஃப் குடியிருப்பு. 1927-ல் 17 கட்டிடக் கலைஞர்கள் சேர்ந்து, இனி வீடு இப்படித்தான் இருக்கும் என்று கட்டிக் காட்டிய வெள்ளை வீடுகள். அதில் லெ கொர்பூசியே கட்டிய வீடுகள் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அதே நாளில், அதே பட்டியலில், அதே ஆளுடைய வேலை என்று நம் சண்டிகர் அரசுக் கட்டிடத் தொகுதியும் சேர்ந்தது. டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். "நீங்கள் சண்டிகரா?" என்றார். "அங்கிருந்து ரயிலில் இரண்டு நாள் தள்ளி" என்றேன்.

எங்கள் மெக்கானிக்கல்காரர்களுக்குக் கோயில் பென்ஸ் மியூசியம். லிஃப்டில் உச்சிக்குப் போய், சுருளாக இறங்கி வர வேண்டும். 1886-ல் கார்ல் பென்ஸ் பேடன்ட் வாங்கிய மூன்று சக்கர வண்டியில் ஆரம்பிக்கும். நடுவில் திறந்த வெளி பெரிதாக இருப்பதால், தீப்பிடித்தால் புகையை வெளியேற்றச் செயற்கையாக ஒரு சூறாவளியையே கிளப்புகிறார்கள், 34 மீட்டர் உயரம். கார்களைவிட எனக்கு இதுதான் ஆச்சரியம். ஆனால் தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியது பெர்த்தா பென்ஸ் கதை. 1888 ஆகஸ்டில், புருஷனிடம் சொல்லாமல், இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எரிபொருளை வீஸ்லோஹ் ஊர் மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். உலகின் முதல் ரோடு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்தது ஒரு இல்லத்தரசி என்று நான் அங்கே என் டீமில் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

கால்வ் என்ற சின்ன ஊருக்குப் போனது எதிர்பாராத லாபம். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1877-ல் பிறந்த ஊர் என்பதற்காகப் போனேன். போனால் அவருடைய தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட். மலையாள அகராதி போட்ட அதே குண்டர்ட், 1872-ல். பிறந்தது ஸ்டுட்கார்ட்டில். 1836-ல் மதராசில் வந்து இறங்கி, திருநெல்வேலிப் பக்கம் இருந்து தமிழ் படித்து, பிறகுதான் தலச்சேரிக்குப் போயிருக்கிறார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பக்கத்தில் ட்யூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. மாதக்கணக்கில் கப்பலில் போய் வருகிற காலத்தில் ஒருவர் நம் ஊரில் இறங்கி, பாஷையைப் படித்து, பிறகு அகராதியே எழுதியிருக்கிறார். நான் பத்து மணி நேரம் பறந்து போய், நூறு வார்த்தை கற்றதற்கே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஹாம். இது தூரம், ஸ்டுட்கார்ட்டிலிருந்து வடக்கே, சாதாரண ரயிலில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். அங்கே காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-ல் கும்பாபிஷேகம் ஆனது, 17 மீட்டர் ராஜகோபுரம். சுற்றிலும் தொழிற்பேட்டை, தூரத்தில் மின்நிலையம், நடுவில் நம் கோபுரம். 1980-களில் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டியது. ஏப்ரலில் ஒரு வாரக் கடைசியில் போனேன். பூஜை முடிந்து பிரசாதத்தோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர், "தம்பி எங்க இருந்து வந்தனீங்கள்?" என்றார். சொன்னேன். தான் 1985-ல் வந்ததாகச் சொன்னார். ஓட்டலில் பாத்திரம் கழுவி, பிறகு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்து, இப்போது ஓய்வு. வந்த புதிதில், சண்டை ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும், திரும்பிவிடலாம் என்று நினைத்து, இரண்டு வருஷம் கட்டில்கூட வாங்காமல் தரையில் படுத்தாராம். "பிறகு ஒரு நாள் கட்டில் வாங்கினன். அண்டைக்கு நல்லா அழுதன்" என்றார். நான் மே மாதம் திரும்புகிறேன், வீட்டு ஞாபகமாக இருக்கிறது என்று சொன்னேன். சிரித்தார். "உங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருக்குத் தம்பி. பார்க்கிறதெல்லாம் வடிவாப் பார்த்திட்டுப் போங்கோ" என்றார். அவர் வற்புறுத்திக் கொடுத்த வடைப் பொட்டலத்தோடு ரயில் ஏறினேன். திரும்புகிற வழி நெடுக அந்தக் கட்டில்தான் மனசில் இருந்தது.

மே கடைசியில் அதே நகர அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை நீக்கிக்கொண்டேன். அதையும் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் டி.வி. கட்டணம் உங்களைத் துரத்தும். கடைசி வாரம் என் கேர்வோகெ முறை. பெருக்கித் துடைத்து அட்டையை அடுத்த வீட்டில் மாட்டிவிட்டுக் கீழே வந்தால், வீட்டுக்கார அம்மாள் ஒரு பயறுப் பொட்டலத்தை நீட்டினார், அந்த மலைப் பயறுதான். ஊரில் அம்மா அதை ரசம் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, ஆனா வேக நேரமாகுது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

பந்திக்கு மணி அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அடுத்த இரண்டு மாதத்தில் வெளியூர் கிளம்புகிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள் என்று பிளேஸ்மென்ட் சார் சொன்னார். சாப்பிட்டுவிட்டு வேப்ப மரத்தடிக்கு வாருங்கள். வீட்டு ஒப்பந்தத் தாளைக் கொண்டுவந்தால் சேர்ந்து படித்துப் பார்ப்போம். குக்கர் எடுத்துப் போகலாமா என்பதையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.